பெரும்பாக்கம், காலை ஆறரை மணி

இன்று மகளைக் கூட்டிக்கொண்டு பெரும்பாக்கம் சதுப்பு நிலத்தின் ஓரமாகப் போய் நின்றேன். முதுகுக்குப் பின்னால் சோழிங்கநல்லூர் – மேடவாக்கம் சாலை. அந்த நேரத்திலேயே தண்ணீர் லாரிகளும் கம்பெனி வேன்களும் ஓட ஆரம்பித்துவிட்டன. எதிரே நீலத் தாழைக்கோழி ஒன்று கோரைத் தண்டை ஒடித்து, கையில் பிடிப்பதுபோலக் காலில் பிடித்து, உரித்து உரித்துத் தின்றது. "அப்பா, கரும்பு தின்ற மாதிரியே இருக்கு" என்றாள். அவ்வளவு கிட்டத்தில்! அந்தச் சிவப்பு நெற்றியும் நீளமான விரல்களும் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

சைக்கிளில் டீ விற்பவர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். "கூழைக்கடா அந்தப் பக்கம் இருக்கு சார், பாப்பாவுக்குக் காட்டுங்க." பதினைந்து வரை எண்ணினோம்.

பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி மூலமாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. 2015 மழையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவன் நான். கரையோரம் புதிதாகக் கட்டிடக் கழிவு கொட்டிக் கிடந்ததைப் பார்த்ததும் வயிறு எரிந்தது.

சரி, அடுத்த ஞாயிறும் போகணுமாம் மகளுக்கு. யாரிடமாவது பைனாகுலர் இருந்தால் ஒருநாள் கொடுங்கள்.