ஜேஆர்எஃப் எழுதப் போகிறவர்களுக்கு: பின்கலப்பில் எஃப்1-ஐ பூஜ்ஜியமாக எண்ணுங்கள்

நேற்று ரிசல்ட். இந்த முறை ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை, கிடைத்துவிட்டது, இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை. போன வருடம் என்னைக் கவிழ்த்தது பின்கலப்பு என்ற ஒரே தலைப்பு, அதாவது ஒரு செடியின் (டோனர்) ஜீனை நல்ல ரகத்துக்குள் கொண்டுவர, கலப்பில் பிறந்ததை அந்த ரகத்தோடேயே (ரெக்கரண்ட் பேரண்ட்) திரும்பத் திரும்பக் கலப்பது. இரண்டு கேள்வியும் தப்பு. வரவேண்டிய 8 மதிப்பெண் போனதோடு, கையில் இருந்த 2-ம் போனது.

நடந்தது இதுதான். அறைத்தோழன் கால்நடை மருத்துவம் படிக்கிறான், அவன் நோட்டிலிருந்து தரம் உயர்த்தல் அட்டவணையை அப்படியே மனப்பாடம் செய்தேன். நாட்டு எருமைக்கு முர்ரா என்ற உயர்ந்த இனத்தின் கிடா சேர்த்துப் பிறக்கும் கன்று அவர்களுக்கு முதல் தலைமுறை, 50 சதவீதம் முர்ரா. மறுபடி மறுபடி முர்ராவோடே சேர்த்தால் ஐந்தாம் தலைமுறையில் 96.875. பயிர் படிக்கும் நமக்கோ அந்த முதல் கலப்பில் பிறப்பது வெறும் எஃப்1, பின்கலப்பு அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது, அதனால் அதே 96.875 நாலாவது பின்கலப்பிலேயே வந்துவிடும். மூன்றாவது பின்கலப்பில் ரெக்கரண்ட் பேரண்டின் ஜீனோம் (மொத்த மரபுப் பொருள்) எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள், நான் 87.5 போட்டேன். சரியான விடை 93.75.

சூத்திரம் வேண்டாம். டோனரின் பங்கை மட்டும் பாதி பாதியாக்குங்கள், எஃப்1-ல் 50, பிறகு 25, 12.5, 6.25. நூறிலிருந்து கழித்தால் முடிந்தது. நான் தேர்வு தொடங்கியதும் ரஃப் ஷீட்டில் முதலில் எழுதியது இந்த வரிசையைத்தான்.

இன்னொன்று, மூன்றாவது பின்கலப்பில் ரெக்கரண்ட் பேரண்டைப் போல ஹோமோசைகஸாக (ஜீனின் இரண்டு பிரதியும் ஒரே மாதிரி) இருக்கும் இடங்கள் எவ்வளவு என்று கேட்டால் அங்கே 87.5 தான் சரி. ஜீனோமா, ஹோமோசைகஸா என்று கேள்வியை இரண்டு தடவை படியுங்கள்.

இரண்டாவது தப்பு ஒடுங்கு ஜீன், அதாவது இரண்டு பிரதியும் இருந்தால்தான் வெளியே தெரியும் ஜீன்; ஒரு பிரதியே போதுமென்றால் அது ஓங்கு. மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி என்ற நெல் ரகத்தை வைத்துப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பாக்டீரியா இலைக்கருகலை எதிர்க்க அதில் மூன்று ஜீன்கள், எக்ஸ்ஏ21 ஓங்கு, எக்ஸ்ஏ5-ம் எக்ஸ்ஏ13-ம் ஒடுங்கு. ஒடுங்கு ஜீனைச் சுமக்கும் பின்கலப்புச் செடியும் சுமக்காத செடியும் வயலில் ஒரே மாதிரி நோய் வாங்கும், எதை அடுத்த கலப்புக்கு எடுப்பது? அதனால்தான் பழைய முறையில் இடையில் தற்கலப்பு (செடியைத் தன்னோடேயே கலப்பது) செய்து, நோயைக் கொடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மார்க்கர் (ஜீனைக் காட்டிக்கொடுக்கும் டிஎன்ஏ அடையாளம்) வந்த பிறகு இலையின் டிஎன்ஏவிலேயே ஹெட்டரோசைகஸ் (அந்த ஜீனின் ஒரு பிரதி மட்டும் உள்ள செடி) தெரிந்துவிடுகிறது, நேராக அடுத்த பின்கலப்புக்குப் போகலாம். "மார்க்கர் உதவியுடன்" என்ற சொல் கேள்வியில் இருக்கிறதா என்று தேடுங்கள், விடை அதில்தான் மாறும்.

மற்றவை:
- பின்கலப்பைப் பயிர்களுக்குப் பரிந்துரைத்தது ஹார்லன், போப், 1922.
- எஃப்1-ஐ ஒடுங்கு பெற்றோரோடு கலந்தால்தான் சோதனைக் கலப்பு, சந்ததியில் ஓங்கும் ஒடுங்கும் 1:1. ஓங்கு பெற்றோரோடு கலந்தால் அது பின்கலப்பு மட்டுமே.
- ஸ்வர்ணா சப்1 நெல்: வெள்ளம் தாங்கும் சப்1 ஜீன் எஃப்ஆர்13ஏ என்ற நெல்லிலிருந்து வந்தது.
- 93.75 என்பது சராசரி. நாம் தேடும் ஜீனை ஒட்டிய பகுதியில் டோனரின் துண்டு லேசில் போகாது, அதுதான் லிங்கேஜ் டிராக்.

கடைசி வாரம் புதுப் புத்தகம் எதையும் தொடாதீர்கள். எனக்குக் கூட்டமாகப் படிப்பது ஒத்து வராது, விடியற்காலை 4 மணிக்குத் தனியாக உட்கார்ந்து போன வருடத் தப்புகளை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்த ரஃப் ஷீட் வரிசையிலிருந்து இந்த வருடமும் ஒரு கேள்வி வந்தது.