ஆம்பளை யாரும் இல்லையா?

கெய்ரோவுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. கேஸ் கசிகிறது என்று ஆளைக் கூப்பிட்டால், வாசலிலேயே நின்று "வீட்டில் ஆண்கள் இல்லையா?" என்கிறார். என் வீட்டுக்காரர் செங்கடல் பக்கம் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருக்கிறார், பாதி மாதம்தான் வீடு. காவலாளி மேலே வந்து நின்ற பிறகுதான் பையிலிருந்து ஸ்பேனர் வெளியே வந்தது.

மாடி வீட்டு அம்மாவிடம் புலம்பினேன். 'உம் அலி' என்கிற இனிப்புக் கிண்ணத்தை நீட்டி, "கலீஃபாவே கேட்ட கேள்விதானே" என்று சிரித்தார்.

எகிப்தை ஆண்ட ஷஜருத் துர் என்ற பெண்ணின் கதை அது. 1249இல் சிலுவைப் படை நைல் கரையில் நிற்கும்போது கணவர் சுல்தான் சாலிஹ் அய்யூப் மன்சூராவில் இறந்துவிடுகிறார். தெரிந்தால் சுல்தானின் படை கலைந்துவிடும். உடம்பு சரியில்லை என்று சொல்லி, வேளாவேளைக்குக் கூடாரத்துக்குள் சாப்பாடு அனுப்பிக்கொண்டே இருந்தாராம். சிலுவைப் படையை நடத்திவந்த பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி பிடிபட்டார். 1250இல் ஷஜருத் துர்ரே சுல்தான். வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையான குத்பாவில் பெயர், நாணயத்திலும் பெயர். ஆனால் 'கலீலின் தாய்' என்று, இறந்துபோன மகனை முன்னால் நிறுத்தித்தான். சிரியா ஏற்கவில்லை. பாக்தாதிலிருந்து முஸ்லிம்களின் தலைவரான கலீஃபா முஸ்தசிம், "அங்கே ஆண்கள் இல்லையென்றால் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறோம்" என்றாராம். மூன்று மாதம்கூட ஆகவில்லை, தளபதி அய்பக்கைக் கட்டிக்கொண்டு அரியணையை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. 1258இல் மங்கோலியர் பாக்தாதுக்குள் புகுந்தபோது அந்த ஆண்களெல்லாம் எங்கே போனார்களோ!

இந்த ஊர் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். கதை கேட்கும்போதோ மனசு மானாமதுரைக்குப் போய்விட்டது. தாத்தா போன பிறகு நெல் வாங்க வந்த தரகர் திண்ணையில் உட்கார்ந்து, "ஆம்பளை யாரும் இல்லையா ஆத்தா?" என்பார். "இருந்தா மட்டும் விலையைக் கூட்டிவிடுவியா? தராசை எடு" என்பாள் அப்பத்தா. எனக்கு அந்த வாய் வரவில்லை. அரபியில் சுத்தமாக வரவில்லை.

முடிவு நல்லதாக இல்லை. 1257இல் அய்பக் குளியலறையில் கொல்லப்பட்டார், கொல்லச் சொன்னது ஷஜருத் துர்தான் என்கிறார்கள். சில நாளில் அய்பக்கின் மூத்தாள் வீட்டு அடிமைப் பெண்கள் மரக்கட்டைச் செருப்பாலேயே அவரை அடித்துக் கொன்றார்களாம். அந்த மூத்தாள்தான் உம் அலி. சந்தோஷத்தில் அவள் ஊருக்கெல்லாம் கொடுத்த இனிப்புதான் என் கையில் இருக்கும் இந்த ரொட்டி, பால், திராட்சை எல்லாம் என்று ஊரில் ஒரு கதை. இதைக் கேட்பதற்குள் பாதிக் கிண்ணம் காலி. மீதியையும் வைக்கவில்லை. ஏலக்காய்தான் இல்லை.