ஜப்பானுக்குக் கைகோ வேலைக்கு வருகிறவர்களுக்கு: ஐந்து வருடக் கணக்கும் ஜனவரித் தேர்வும்

ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு எப்படி வருவது என்று கேட்டு எனக்கு அடிக்கடி மெசேஜ் வருகிறது. பெரும்பாலும் பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம்.மோ முடித்துவிட்டு, திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் தனியார் ஆஸ்பத்திரியில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிற பிள்ளைகள். எல்லோரும் கேட்பது வருவதற்கான தேர்வைப் பற்றித்தான். வந்த பிறகு எழுத வேண்டிய தேசியத் தகுதித் தேர்வைப் பற்றி ஒருத்தர்கூடக் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் விஷயமே அதில்தான் இருக்கிறது. நான் அந்தத் தேர்வில் பாஸாகி, விசா மாற்றி, இப்போது குடும்பத்தை வரவழைக்கும் வேலையில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வருவதற்கான வழியைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விசாவின் பெயர் 'டொகுதெய் கினோ', அதாவது குறிப்பிட்ட திறன் விசா. ஜப்பான் இதை 2019 ஏப்ரலில் தொடங்கியது. இந்தியாவோடு 2021 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டது. பராமரிப்புத் துறைக்கு, ஜப்பானியர் சொல்வதுபோல் 'கைகோ'வுக்கு, மூன்று தேர்வு. கைகோ திறன் தேர்வில் 45 கேள்வி, கைகோ ஜப்பானிய மொழித் தேர்வில் 15 கேள்வி, அது போகப் பொதுவான ஜப்பானிய மொழித் தேர்வு ஒன்று, ஜே.எல்.பி.டி. என்4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக். மூன்றும் முடிந்து, நிறுவனம் கிடைத்து, அவர்கள் ஜப்பானில் விண்ணப்பித்து வாங்கி அனுப்பும் சி.ஓ.இ., அதாவது அங்கே தங்கத் தகுதி உண்டு என்ற சான்றிதழ், கைக்கு வந்தால், தூதரகத்தில் விசா வாங்குவது பெரிய காரியமில்லை.

ஏஜெண்ட் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. எனக்கு முதலில் அறிமுகமானவர் லட்சக்கணக்கில் கேட்டார். 'டெபாசிட்' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜெண்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜெண்ட் பெயரைப் போட்டுப் பார்த்தால் பதிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

எனக்கு வேலை கிடைத்தது நீகாத்தா மாகாணத்தில் நாகாஓகா நகரத்தில், ஒரு முதியோர் இல்லத்தில். தோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. குளிர்காலத்தில் பனி ஆள் உயரத்துக்குக் குவியும் ஊர்.

நர்ஸ் என்ற பெயர் விமான நிலையத்தோடு சரி. இதை முன்கூட்டியே மனதில் வாங்கிக்கொள்ளாமல் வருகிறவர்கள் முதல் ஆறு மாதம் அழுதே தீர்க்கிறார்கள். நம் ஊர் நர்சிங் உரிமம் இங்கே செல்லாது. ஊசி போட முடியாது, டிரிப் மாட்ட முடியாது. குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, ஊட்டிவிடுவது, படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது இதெல்லாம்தான் வேலை. ஆனால் லேசான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தேநீரில் 'டொரோமி' என்ற பவுடரைக் கலந்து கெட்டியாக்கிக் கொடுப்போம். போட்டுக் கலக்கியதும் தண்ணீராகத்தான் தெரியும். போதவில்லையே என்று இன்னும் கொஞ்சம் போட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் பசையாகிவிடும், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். அளந்து போட்டு, கலக்கி, காத்திருந்து, கரண்டியைச் சாய்த்து எப்படி வழிகிறது என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். யாருக்கு எந்தக் கெட்டி என்பது ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் எழுதியிருக்கும். தொடுவதற்கு முன்னால், 'இப்போது வலது கையைத் தூக்கப் போகிறேன்' என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பேச்சே வராத பாட்டியிடமும் சொல்ல வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நாம் வருவது டொகுதெய் கினோவின் முதல் வகையில். அதில் பொதுவாக மொத்தம் ஐந்து ஆண்டுதான் இருக்க முடியும். குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. மற்ற துறைகள் பலவற்றில் இரண்டாம் வகைக்கு மாறலாம். கைகோவுக்கு இரண்டாம் வகை கிடையாது. ஏனென்றால் கைகோவுக்கென்றே தனியாக ஒரு விசா இருக்கிறது. 'கைகோ ஃபுகுஷிஷி' என்ற தேசியத் தகுதித் தேர்வில் பாஸாகிறவர்களுக்கு அது கிடைக்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். கணவன் அல்லது மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிவரலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. நிரந்தர வசிப்பு உரிமைக்குப் பொதுவாகப் பத்து ஆண்டு இங்கே இருந்திருக்க வேண்டும், அதில் ஐந்து ஆண்டு வேலை விசாவில் இருந்திருக்க வேண்டும். டொகுதெய் கினோ முதல் வகையில் ஓட்டிய வருடங்கள் அந்த ஐந்தில் சேராது. ஆகவே எவ்வளவு சீக்கிரம் மாறுகிறோமோ அவ்வளவு லாபம்.

ஆனால் நினைத்த நேரத்தில் எழுத முடியாது. தேர்வு வருடத்துக்கு ஒரு முறை, ஜனவரிக் கடைசியில். எழுதுவதற்கு மூன்று ஆண்டு வேலை அனுபவம் வேண்டும்: பணியில் சேர்ந்து 1,095 நாள் ஆகியிருக்க வேண்டும், அதில் உண்மையாக வேலைக்கு வந்த நாள் 540. ஜனவரியில் இது நிறைவாகியிருக்க வேண்டும் என்பதில்லை. அதே ஆண்டு மார்ச் 31-க்குள் நிறைவாகும் என்றால் எழுதலாம். நான் சேர்ந்தது மார்ச் நடுவில், அதனால் மூன்றாவது ஜனவரியிலேயே எழுத முடிந்தது. என்னோடு ஒன்றாகப் படித்த தோழிக்கு சி.ஓ.இ. தாமதமாகி மே மாதம்தான் வந்து சேர்ந்தாள். இரண்டு மாத வித்தியாசம். ஆனால் அவள் நான்காவது ஜனவரிவரை காத்திருக்க வேண்டும். அதில் தவறினால் ஐந்தாவது ஜனவரி, அதோடு விசா முடிய நாலு மாதம்தான் பாக்கி. சேரும் தேதியை நாம் முடிவு செய்வதில்லைதான். ஆனால் மார்ச்சா மே மாதமா என்று நிறுவனம் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கட்டும்.

அனுபவம் மட்டும் போதாது. 450 மணி நேரப் பயிற்சி ஒன்றும் முடித்திருக்க வேண்டும். பெரும்பகுதி வீட்டிலிருந்தே எழுதி அனுப்புவது. சில நாட்கள் நேரில் போக வேண்டும். அங்கே பொம்மையை வைத்துச் சளி உறிஞ்சுவது, குழாய் வழி உணவு கொடுப்பது எல்லாம் சொல்லித் தருவார்கள். ஐ.சி.யூ.வில் ஆண்டுக்கணக்கில் செய்த வேலையை ரப்பர் பொம்மைக்குச் செய்து காட்டி, 'சரியாகச் செய்தீர்கள்' என்று பாராட்டு வாங்கியபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. பயிற்சிக் கட்டணம் கொஞ்சநஞ்சமில்லை. என் நிறுவனம் பாதி கொடுத்தது, முழுவதும் கொடுக்கும் இடங்களும் உண்டு, ஒன்றுமே கொடுக்காத இடங்களும் உண்டு. இன்டர்வியூவில் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். இங்கே வெளிநாட்டுக்காரர் யாராவது ஃபுகுஷிஷி பாஸாகியிருக்கிறாரா, பயிற்சிக் கட்டணம் யார் கட்டுவது, பயிற்சி நாளுக்கு முந்தைய இரவு யாகின், அதாவது நைட் டியூட்டி, போடமாட்டீர்கள்தானே, இந்த மூன்றையும் கேளுங்கள். பதிலிலேயே இடத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

தேர்வில் 125 கேள்வி, காலையும் மாலையுமாக 220 நிமிடம். எல்லாம் ஜப்பானிய மொழியில்தான். ஆனால் விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிட்டால் 'கான்ஜி' என்ற சீன வழி வந்த எழுத்து ஒவ்வொன்றுக்கும் மேலே அதன் உச்சரிப்பைப் போட்ட வினாத்தாள் தருவார்கள். உடலமைப்பு, நோய்கள், மறதி நோய் இதெல்லாம் நர்சிங் படித்தவர்களுக்குச் சொல்தான் புதிது, விஷயம் பழையது. கழுத்தை நெரிப்பது 'சமூகத்தைப் புரிந்துகொள்ளுதல்' என்ற பாடம். 2000-இல் தொடங்கிய பராமரிப்புக் காப்பீடு, நாற்பது வயதிலிருந்து கட்டும் சந்தா, ஆதரவு நிலைகள் இரண்டு, பராமரிப்பு நிலைகள் ஐந்து, யார் எத்தனை பங்கு கையிலிருந்து கட்ட வேண்டும், எது நகராட்சி வேலை, எது மாகாண வேலை என்று போய்க்கொண்டே இருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்த என் சக ஊழியர்களே இதைக் கண்டு அலறுவார்கள்.

எனக்குக் கைகொடுத்தது சமுதாயக் கூடத்தில் நடக்கும் ஜப்பானிய வகுப்பு. ஏறக்குறைய எல்லா ஊரிலும் உண்டு. நகராட்சியின் சர்வதேசத் தொடர்பு மையத்தில் கேட்டால் சொல்வார்கள். நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், பலர் ஓய்வு பெற்றவர்கள். காசு என்று பார்த்தால் ஒன்றுமில்லை, அல்லது சில நூறு யென். எனக்குச் சொல்லித்தந்த அம்மா, மொழிப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, என் தேர்வுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். தனக்கே வந்த காப்பீட்டு சந்தா ரசீதை வீட்டிலிருந்து கொண்டுவந்து மேசையில் விரித்து, இந்த வரி இதற்கு, அந்த வரி அதற்கு என்று விரல் வைத்துக் காட்டினார். புத்தகத்தில் பல முறை படித்தும் ஏறாதது அந்த ஒரு தாளில் ஏறியது. பழைய வினாத்தாள்களும் தேர்வு மையத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஜப்பான் கைகோ ஃபுகுஷிஷி சங்கமும் வெளிநாட்டவருக்கென்று இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறது. கோச்சிங் சென்டர் தேடி அலைய வேண்டியதில்லை.

கேள்விகளில் ஒரு கண்ணி இருக்கிறது. ஐந்து விடையில் இரண்டு மூன்று சரியாகவே தோன்றும். கேட்பது 'மிகப் பொருத்தமானது' எது என்று. நர்ஸாகப் பழகிய மனது நோயாளிக்கு வேண்டியதை உடனே செய்து முடிக்கும் விடையைத்தான் தேடும். இங்கே அவரால் முடிந்ததை அவரையே செய்யவிட்டு, முடியாததில் மட்டும் கைகொடுப்பதுதான் விடை. மறதி நோய்க் கேள்விகளும் அப்படித்தான். எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி. 1945 ஆகஸ்ட் 1 இரவு நாகாஓகா மேல் குண்டு விழுந்து ஊரே எரிந்தபோது சின்னப் பெண். இந்த ஊரின் பெரிய வாணவேடிக்கை ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் நடக்கும். அந்தத் தாக்குதலின் நினைவோடு சேர்ந்தது அது. ஊரே ஆற்றங்கரைக்குப் போகும், இவர் மட்டும் 'ஓடு, ஓடு' என்று என் கையைப் பிடித்து இழுப்பார். இது வெடிச்சத்தம்தான் பாட்டி, போர் எப்போதோ முடிந்துவிட்டது என்று விளக்கினால் பதற்றம் கூடும். அதனால் திரையை இழுத்துவிட்டு, 'வாருங்கள், உள்ளே போய்விடலாம்' என்று கூடவே நடப்போம். பின்னால் மாதிரித் தேர்வில் இதே தினுசில் ஒரு கேள்வி வந்தபோது விடையை யோசிக்கவே தேவைப்படவில்லை.

விண்ணப்பம் ஆகஸ்ட் தொடங்கி செப்டம்பர் முதல் வாரத்துக்குள் முடிந்துவிடும், கட்டணம் 18,380 யென். எனக்குத் தேர்வு மையம் நீகாத்தா நகரில். ஜனவரியில் இந்தப் பக்கம் பனியில் ரயில் நின்றுவிடுவது சர்வசாதாரணம். முதல் நாளே போய் அறை எடுத்துத் தங்கினேன். பனி விழும் மாகாணத்தில் இருப்பவர்கள் இந்தச் செலவுக்கு யோசிக்காதீர்கள். 2026 ஜனவரித் தேர்விலிருந்து பாடங்களை மூன்று பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் தடவை மூன்றையும் எழுத வேண்டும். மொத்தத்தில் தேறாவிட்டாலும் பாஸான பகுதி அடுத்த இரண்டு ஆண்டுத் தேர்வுகளுக்குச் செல்லும். வேலையும் பார்த்துக்கொண்டு படிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய சலுகை.

முடிவு மார்ச்சில் வரும். பாஸ் என்றதும் இனிப்பு வாங்கப் போகுமுன் ஒன்று: அனுபவம் நிறைவாகும் முன்பே எழுதியவர்கள், நிறைவானதற்கான சான்றை நிறுவனத்திடம் வாங்கித் திரும்பவும் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பாஸானது செல்லாது. பிறகு 9,000 யென் வருவாய் முத்திரை ஒட்டிப் பதிவுக்கு விண்ணப்பித்தால் பதிவுச் சான்றிதழ் தபாலில் வரும். அதை வைத்துத்தான் குடியேற்ற அலுவலகத்தில் விசா மாற்றம். சம்பளத்தில் தகுதிப்படி என்று மாதம் சில ஆயிரம் யென்னும் ஏறும்.

தமிழர் துணை இல்லாமல் எப்படி என்று பயப்படுகிறவர்களுக்கு: தோக்கியோவில் எதொகாவா பகுதியின் நிஷிகசாய் இந்தியர் அதிகம் இருக்கும் இடம், 2000-ஐ ஒட்டிய வருடங்களில் கணினித் துறையினர் வந்து குடியேறியது. பொங்கல், தீபாவளி என்றால் தமிழர்கள் கூடுவதும் அந்தப் பக்கம்தான். நான் சில தடவை போயிருக்கிறேன். அன்பாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் கைகோவில் இருப்பவர்களின் ஷிஃப்ட், விசா, தேர்வு எல்லாம் அவர்களுக்கு வேறு உலகம். எனக்கு அன்றாடம் உதவுவது வெவ்வேறு மாகாணங்களில் சிதறிக்கிடக்கும் நம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழு. கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்பதிலிருந்து பழைய வினாத்தாள் விளக்கம்வரை அதில்தான்.

கடைசியாகக் குடும்ப விசா. மனைவி, கணவன், பிள்ளைகளுக்கு 'குடும்பத் தங்கல்' விசா. வந்தபின் அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம்வரை அவர்கள் வேலை செய்யலாம். திருமணச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஜப்பானிய மொழிபெயர்ப்பு, என் வரி, சம்பள ஆதாரங்கள் கேட்டார்கள். மொழிபெயர்ப்பை நாமே செய்து கையெழுத்துப் போடலாம், காசு கொடுத்துச் செய்ய அவசியமில்லை. நமக்குத் தொல்லை தருவது இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, திருமணச் சான்றிதழில் ஒற்றை எழுத்து, மகளின் பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே ஆள்தான் என்று இங்கே உள்ளவர்களுக்கு எப்படித் தெரியும்? நம் பெயர் வைக்கும் முறையை விளக்கி ஒரு பக்கக் கடிதம் ஜப்பானிய மொழியில் எழுதி இணைத்தேன். வகுப்பு அம்மாதான் திருத்திக் கொடுத்தார். புறப்படும் முன்பே ஊரில் எல்லா ஆவணத்திலும் பெயரை ஒன்றாக்கிக்கொண்டு வந்துவிட்டால் இந்தக் கடிதம் எழுதும் வேலையே இருக்காது.