இழையும் அதுவே, பசையும் அதுவே

பாலிஎத்திலீன் என்றதும் கேரி பேக்தான் நினைவுக்கு வரும். அதே பாலிமரின் மிக நீளமான மூலக்கூறு சங்கிலிகளை ஜெல்லாக்கி இழுத்து நேராக்கினால் குண்டு துளைக்காத உடுப்புக்கான இழை. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் விற்கும் இழைகள் இந்த ரகம். அடர்த்தி 0.97தான், தண்ணீரில் மிதக்கும்!

ஒரே தொல்லை, இழைகளை ஒட்டிப் பலகையாக்கும் எபாக்ஸி பசை இதில் சரியாகப் பிடிக்காது. சரி, இழையையே பசையாக்கினால்? இழை, அதைப் பிடித்துவைக்கும் தளம் இரண்டும் ஒரே பாலிமராக இருக்கலாம் என்று 1975-இல் கபியாட்டி, போர்ட்டர் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். அப்புறம் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இயன் வார்ட் குழு அதைச் சூட்டழுத்த முறையாக வளர்த்தது.

நெய்த துணியை அடுக்கி, சூடான அழுத்தியில் வைப்பார்கள். ஒவ்வொரு இழையிலும் மேல்தோல் மட்டும் உருக வேண்டும். ஆறும்போது அந்த உருகலே மறுபடி படிகமாகி எல்லாவற்றையும் கட்டிப்போடும். வெட்டிப் பார்த்தால், உருண்டையாக இருந்த இழைகள் நசுங்கிப் பலகோணமாக இடைவெளியின்றி நெருங்கி நிற்கும்.

சூட்டில்தான் மொத்த வித்தையும். சில டிகிரி குறைந்தால் அடுக்குகள் உரிந்து வரும். சில டிகிரி கூடினால் சங்கிலிகள் சுருண்டு, வெறும் பிளாஸ்டிக் பலகை. அதனால் இடையில் சீக்கிரம் உருகும் பாலிஎத்திலீன் படலம் வைப்பதும் உண்டு. எனக்கு அதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

கண்ணாடி இழை கலக்காததால் மறுசுழற்சிக்கு அப்படியே உருக்கலாம். ஆனால் நிரந்தரச் சுமைக்கு வேண்டாம், மெல்ல மெல்ல நீண்டுவிடும்.