கேதாரரும் கரபாத்திரி சுவாமிகளும்

காசிக்குப் போகும் தமிழர்களுக்குக் கேதார காட்தான் தாய்வீடு. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய அந்தப் படித்துறையைப் படகிலிருந்து பார்த்ததுமே நம் ஊர்க் கோயில் மதில் கண்ணில் நிற்கும். மேலே இருக்கும் கௌரி கேதாரேசுவரர் கோயில் குமரகுருபரர் வழிவந்த குமாரசாமி மடத்தின் பொறுப்பில் உள்ளது.

கருவறையில் வழவழப்பான பாணலிங்கம் இல்லை. தரையோடு தரையாக ஒரு கரடுமுரடான பாறை, அதன் நடுவே ஒரு கோடு. சொம்பிலிருந்த கங்கை நீரை ஊற்றினேன். கோட்டில் இறங்கி, நிரம்பி, இரு பக்கமும் வழிந்தது. புராண கால மன்னர் மாந்தாதா தினமும் சமைத்த கிச்சடியை இரண்டாகப் பகுத்து, பாதியைச் சிவனுக்கும் பாதியை விருந்தினருக்கும் வைப்பாராம். அந்த அன்னமே லிங்கமானது என்கிறது தலபுராணம். விருந்தினருக்கு வைத்த பங்கும் சேர்ந்துதான் இங்கே சுவாமி!

இந்தக் கேதார காட்டில்தான் கரபாத்திரி சுவாமிகள் வாழ்ந்தார். 1982-இல் சித்தியடைந்ததும் இங்கேதான். உள்ளங்கையையே பாத்திரமாக்கி அதில் கொண்டதை மட்டும் உண்டவர் என்பதால் வந்த பெயர் அது. பெரிய சாஸ்திர ஞானி. அதோடு நில்லாமல் அரசியலில் இறங்கி, 1948-இல் ராம ராஜ்ய பரிஷத் கட்சியைத் தொடங்கினார். 1952 தேர்தலில் மக்களவையில் அதற்குக் கிடைத்தவை 3 இடங்கள். இந்துக்களின் திருமணம், சொத்துரிமைச் சட்டங்களைச் சீர்திருத்த வந்த இந்து சட்ட மசோதாவைக் கடுமையாக எதிர்த்தார். பசுவதைத் தடை கோரி 1966 நவம்பர் 7-இல் நாடாளுமன்றத்தை நோக்கி நடந்த பேரணியில் முன்னின்றார். அது துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்ப்பலியிலும் முடிந்தது. பின்னாளில் கட்சி, இன்றைய பாஜகவின் முன்னோடியான ஜனசங்கத்தில் கரைந்தது.

அவருடைய துறவுக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் 1950-களில் விசுவநாதர் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்ததும், அங்கே சாந்நித்தியம், அதாவது தெய்வ இருப்பு, போய்விட்டது என்று சொல்லி மீர் காட்டில் வேறொரு விசுவநாதர் கோயிலை எழுப்பினாரே, அதை என் மனம் ஏற்கவில்லை. நந்தனாருக்காக நந்தியையே விலகச் சொன்னவர் திருப்புன்கூர் சிவலோகநாதர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த சைவனால் இதை எப்படி ஏற்க முடியும்? அடியார் தொட்டுக் கெடுவதற்குச் சிவம் என்ன மண்பாண்டமா?

நகரத்தார் திருப்பணி செய்த விசாலாட்சி அம்மன் கோயிலும் மீர் காட்டில்தான். அம்மனிடம் குங்குமம் பெற்றுக்கொண்டு, சுவாமிகள் எழுப்பிய கோயில் இருக்கும் பக்கம் திரும்பாமல், பழைய விசுவநாதரிடமே போனேன். நல்ல கூட்டம். எனக்கு முன்னால் ஒரு கிராமத்துக் குடும்பம், பின்னால் தெலுங்கு பேசும் பாட்டிகள். வில்வம் தீர்ந்துபோன ஒரு பாட்டிக்கு என் கையிலிருந்ததில் பாதியைக் கொடுத்தேன். ‘ஹர ஹர மகாதேவ்’ என்று எல்லாருமாகக் குரல் கொடுத்தபடி உள்ளே நுழைந்தோம்.