ஜெபக் குறிப்பு

அட்லாண்டா புறநகரில் எங்கள் தமிழ் ஜெபக்கூட்டம் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு நடக்கும். பன்னிரண்டு குடும்பங்கள், பாதிப்பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். கொரோனா வந்தபின் அதுவும் ஜூமுக்கு மாறிவிட்டது. பாட்டு, வேதவாசிப்பு, கடைசியில் ஜெபக் குறிப்புகள். ஒருவருக்கு விசா, ஒருவருக்குத் தைராய்டு அறுவைச் சிகிச்சை, ஊரில் யாரோ ஒரு அம்மாவுக்கு மூட்டுவலி.

2020 மே 29 அன்று நானும் ஒரு குறிப்பு கொடுத்தேன். ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரின் குடும்பத்துக்காக.

நான்கு நாளைக்கு முன்புதான் மினியாபொலிஸில் ஒரு காவலர் அவர் கழுத்தில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை ஊன்றி அவரைக் கொன்றிருந்தார். ஃபிளாய்டு ஹூஸ்டனில் இருந்தபோது, ஒரு குடியிருப்பின் கூடைப்பந்து மைதானத்தில் ஞானஸ்நானத் தொட்டியை வைக்க உதவியவர். அதைச் சொல்ல நினைத்திருந்தேன். அதற்குள் எங்கள் குழுவின் மூத்தவரான அங்கிள் தொண்டையைச் செருமினார்.

"மகளே, அது அரசியல். நாம் அந்நிய தேசத்தில் இருக்கிறவர்கள். 'எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்' என்று ரோமர் 13 சொல்கிறதே. பொதுவாகத் தேசத்தின் சமாதானத்துக்காக ஜெபிப்போம்."

பொதுவாக ஜெபித்தோம்.

நான்கு வாரம் கழித்து, ஜூன் 26. அதே திரை, அதே முகங்கள். சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஊரடங்கு நேரம் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மகன் 22ஆம் தேதி இரவும் தகப்பன் மறுநாள் காலையும் இறந்துபோனார்கள். என் ஊர் நாசரேத். சாத்தான்குளம் கூப்பிடு தூரம் என்றுதான் சொல்வோம். அங்கிள் வாய்விட்டு அழுதார். இருவர் பெயரையும் சொல்லி, "கர்த்தாவே, இந்த இரத்தத்துக்கு நியாயம் கேளும்" என்று ஜெபித்தார். உபவாச ஜெபமும் அறிவித்தார். நானும் அழுதேன். அன்று யாரும் ரோமர் 13ஐ எடுக்கவில்லை. எனக்கு வாய்வரை வந்தது. துக்க வீட்டில் வழக்குப் பேசக் கூடாது என்று வளர்ந்தவள், விழுங்கிவிட்டேன்.

பிற்பாடு சிலர் என்னிடம் தனியாகக் கேட்டார்கள்: "அந்த 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' (கறுப்பினத்தவரின் உயிரும் பெரிது) இயக்கத்துக்காரர்கள் குடும்பத்தைப் பற்றி என்னவெல்லாம் எழுதுகிறார்கள் தெரியுமா? விசுவாசியாக இருந்துகொண்டு அவர்களோடு எப்படி ஊர்வலம் போகலாம்?" தெரியும். அவர்கள் சொல்லும் எல்லாவற்றுக்கும் நான் ஆமென் சொல்லவில்லை. கடைக் கண்ணாடிகளை உடைத்ததையும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் சாத்தான்குளத்துக்காகக் கடையடைப்பு நடத்திய வணிகர்களின் விசுவாசப் பிரமாணத்தை நாங்கள் யாரும் சோதித்துப் பார்க்கவில்லையே!

இரண்டு வருடம் கழித்து மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து அலபாமா மாநிலத்திலுள்ள பர்மிங்காம் போனேன். காரில் இரண்டரை மணி நேரம். கறுப்பினத்தவரின் பதினாறாவது தெரு பாப்டிஸ்ட் சபையின் படிகளில் ஏறும்போது அவளுக்குப் பதினொரு வயது. அதே வயதுதான் டெனிஸ் மக்நேருக்கும். 1963 செப்டம்பர் 15, ஞாயிறு. கீழ்த்தளத்துப் பெண்கள் அறையில் டெனிஸின் உடையின் இடுப்புநாடாவை ஆடி மே காலின்ஸ் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். மணி 10.22. வெளியே படிகளுக்கு அடியில் வெள்ளை இனவெறியர்கள் வைத்திருந்த டைனமைட் வெடித்தது. அவர்களோடு கரோல் ராபர்ட்சன், சிந்தியா வெஸ்லி. நால்வரும் இறந்துபோனார்கள். மற்ற மூவருக்கும் வயது பதினான்கு. அன்றைய ஓய்வுநாள் பள்ளிப் பாடம், மன்னிக்கும் அன்பு. மத்தேயு ஐந்தில் சத்துருக்களைச் சிநேகிக்கச் சொல்லும் பகுதி. நான் எத்தனையோ முறை நடத்திய பாடம். பிள்ளைகளின் நோட்டில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

வெடித்ததில் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னலில் இயேசுவின் முகம் மட்டும் பெயர்ந்து போனது. எங்கோ இருக்கிற வேல்ஸ் நாட்டு மக்கள் சில்லறையாகக் காசு சேர்த்து ஒரு புதிய ஜன்னலைச் செய்து அனுப்பினார்கள். அதில் இருப்பவர் கறுப்புக் கிறிஸ்து. இரு கைகளும் விரிந்திருக்கின்றன. காலடியில் மத்தேயு 25இன் வார்த்தை: எனக்கே செய்தீர்கள்.

குண்டு வெடித்த அதே 1963இல், ஏப்ரல் 12, பெரிய வெள்ளி. அந்த ஊரின் எட்டு வெள்ளை மதகுருமார் ஓர் அறிக்கை விட்டார்கள்: நிறப் பாகுபாட்டை எதிர்த்து ஆர்ப்பாட்டம் வேண்டாம், இது நேரமில்லை, நீதிமன்றங்கள் இருக்கின்றன. அன்றுதான் மார்ட்டின் லூதர் கிங் கைதானார். அந்த அறிக்கைக்குச் செய்தித்தாளின் ஓரங்களில் அவர் எழுதத் தொடங்கிய பதில்தான் பர்மிங்காம் சிறைக் கடிதம். அந்த எட்டுப் பேரும் கொடியவர்கள் அல்லர். அங்கிளும் அப்படித்தான், எனக்குக் கொரோனா கண்டபோது வாசற்படியில் ரசம் வைத்துவிட்டுப் போனவர். கொடியவர்களாக இருந்தால் எனக்கு வேலை சுலபம்.

திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "நம் ஊரில் இப்படியெல்லாம் இல்லைதானே அம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நெடுஞ்சாலை, இருட்டு, அவளும் பாதித் தூக்கம். ஆனால் எங்கள் ஆச்சியின் வீட்டுக் கொல்லைப்புறம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. விறகு பிளக்க ஒரு தாத்தா வருவார். அவருக்கு மட்டும் சிரட்டையில் காப்பி. ஞாயிற்றுக்கிழமை அவரும் ஆச்சியும் ஒரே கோயிலில் முழங்காலிட்டு, ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் வாங்குவார்கள். ஆச்சி தினமும் வேதம் வாசிப்பாள். நான் அந்தச் சிரட்டையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அந்தச் சிரட்டையை யார் கழுவுவார்கள்?"

"அவரேதான். கழுவி, வேலிக் கம்பில் கவிழ்த்துவிட்டுப் போவார்."