பஃப் ஆடர் குறிப்புகள்: தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியாவுக்கு வடக்கிலிருந்து

நவம்பர் 9

மழை விட்டதும் பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட்டார். கராஜ் ஓரம், காய்ந்த சருகுக்குள் ஒரு பஃப் ஆடர், ஆப்பிரிக்காவின் விஷ விரியன். அவர் கை நீட்டிக் காட்டியும் எனக்கு முதலில் தெரியவில்லை. தலை பிடிபட்ட பிறகுதான் உடம்பு புலப்பட்டது: மண் நிறம், முதுகு நெடுக அம்புக்குறி அம்புக்குறியாகக் கருப்புப் பட்டைகள். நீளம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் நடு உடம்பு என் முன்கையை விடத் தடிமன்.

பாம்பு பிடிப்பவர் வந்து கொக்கியை நீட்டியதும் உடம்பை உப்பவைத்துச் சீறியது. சைக்கிள் ட்யூபில் வால்வைப் பிடுங்கிவிட்ட மாதிரி, விட்டு விட்டு, நீளமாக. கொக்கியிலிருந்து நழுவி சிமெண்ட் தரையில் போனதைப் பார்த்தேன். வளைவே இல்லை. அடிவயிற்றுச் செதில்கள் அலையலையாகத் தரையைப் பற்றி இழுக்க, நேர்கோட்டில் நகர்ந்தது. அதற்குள் மூடி போட்ட வாளிக்குள் போட்டுவிட்டார்.

நவம்பர் 10

இதைச் சோம்பேறிப் பாம்பு என்று இங்கே பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அசையாமல் கிடப்பதுதான் அதன் வேட்டை, அதுவேதான் அதன் தற்காப்பும். ஒரே இடத்தில் நாள்கணக்கில் கிடக்கும் பிராணியை நரியோ கீரியோ மோப்பம் பிடித்துவிடாதா? பிடிக்க முடிவதில்லை. 2015-இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வொன்றில், பழக்கிய நாய்களாலும் மீர்கேட் என்ற கீரி இனத்துச் சிறு பிராணிகளாலும் இதன் வாசனையைக் கண்டுகொள்ள முடியவில்லை. மற்ற சில பாம்புகளை அதே நாய்கள் கண்டுபிடித்தன. நிறத்தில் மறையும் பாம்புகள் எத்தனையோ உண்டு. இது வாசனையிலும் மறைந்துகொள்கிறது.

ஆபத்தும் அங்கேதான். காலடி கேட்டால் விலகி ஓடாது. மிதித்தால் கடிக்கும்.

நவம்பர் 17

இன்று முழுக்க தவளைச் சத்தம். டினோகெங் காட்டுப் பகுதி இங்கிருந்து பக்கம்தான். அங்கே பஃப் ஆடர்களின் எதிரில் கேமரா வைத்துப் பதிவு செய்த ஆய்வு 2017-இல் வந்தது. தவளையோ தேரையோ எட்டும் தூரத்தில் இருந்தால், பாம்பு நாக்கை வெளியே நீட்டிப் புழு நெளிவதைப் போல ஆட்டுகிறது. இரை என்று நம்பி வருகிறது தவளை. எலி வந்தால் நாக்கை இப்படி ஆட்டுவதில்லை! எதிரே யார் என்று பார்த்து வேட்டை முறையை மாற்றுகிறது. வாலையும் இப்படி ஆட்டிக் காட்டுமாம்.

நவம்பர் 30

கடிபட்ட ஒருவரைப் பற்றித் தோட்டக்காரர் சொன்னார். கட்டு இறுக்கிப் போட்டிருக்கிறார்கள். இந்த விஷம் சதையைத் தின்னும் வகை; இறுக்கிக் கட்டினால் அந்த இடத்திலேயே தேங்கி இன்னும் கெடுக்கும். கை காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதே சரி. தென்னாப்பிரிக்காவில் தயாராகும் விஷமுறிவு மருந்து பஃப் ஆடருக்கும் கபூன் விரியனுக்கும் கேட்கும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் கதை வேறு. அங்கே அதிகம் கொல்வது சுருட்டை விரியன் வகைப் பாம்பு. பத்து ஆப்பிரிக்கப் பாம்புகளுக்குக் கேட்ட ஃபாவ்-ஆஃப்ரிக் மருந்தின் உற்பத்தியை பிரெஞ்சு நிறுவனமான சனோஃபி நிறுத்தியது. கடைசிக் குப்பிகள் 2016-இல் காலாவதியாயின. இந்தியப் பாம்புகளின் விஷத்தில் செய்த மருந்தும் அந்தச் சந்தைக்குப் போனது. 2016-க்கு முன்பே, கானாவில் அப்படி மருந்தை மாற்றிய இடத்தில் இறப்பு விகிதம் 1.8 சதவீதத்திலிருந்து 12.1 சதவீதமாக ஏறியது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷம், நம் ஊரில் எத்தனையோ உயிரைக் காக்கிறது. நம் சுருட்டைக்குச் செய்த மருந்து கானாவின் சுருட்டைக்குக் கேட்பதில்லை. விஷத்தின் புரதங்கள் வேறு. இது தெரிந்தும் விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிப்ரவரி 21

குட்டிகள் வரும் காலம். முட்டை இடாமல் குட்டியாகவே போடும், பொதுவாக 20 முதல் 40 வரை. செக் நாட்டு மிருகக்காட்சிசாலை ஒன்றில் ஒரே ஈற்றில் 156! பிறந்த நிமிடத்திலிருந்தே விஷம் உண்டு. தெருப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்: பந்து புல்லுக்குள் போனால் கையை விடாதே, குச்சியால் தள்ளு. இரவில் டார்ச் இல்லாமல் வாசல் தாண்டாதே. பாம்பைப் பார்த்தால் நன்றாகத் தள்ளி நின்று பெரியவர்களைக் கூப்பிடு, அடிக்கப் போகாதே.